இது யாருடையது?

மிதிவெடி அகற்றும் அணியில் வேலை செய்த அந்தப் பெண்பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. 2011ஆம் ஆண்டு, ஒட்டுசுட்டானுக்கு அருகே உள்ள எங்கள் வளவில், மாமரத்தடியில் அவருடைய கருவி ஒலி எழுப்பியிருக்கிறது. முழங்காலில் நின்று சிறு கரண்டியாலும் தூரிகையாலும் அரை நாள் மண்ணை வறுகி எடுத்த பிறகு ஒரு றங்குப்பெட்டி வெளியே வந்தது. மூடியை நெம்பியதும் கண்ணில் பட்டது ஓர் இரும்புத் தொப்பி. உடனே வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து வெளியேறி வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்த எனக்குக் கிராம அலுவலர் மூலம் செய்தி வந்தது.

போய் நின்றதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "இது யாருடையது?"

"என் அம்மப்பாவுடையது" என்றேன். அந்தப் பதில் போதவில்லை. வன்னி மண்ணுக்குள்ளிருந்து ஓர் இரும்புத் தொப்பி வெளிவந்தால் அதற்குப் பல பொருள் கொள்ளலாம் அல்லவா? நான் பெட்டியிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் பட்டியைத் திருப்பி, மங்கிப்போன கறுப்பு மையில் குத்தியிருந்த 1943 என்ற எண்ணைக் காட்டினேன். அதற்கு மேலே காகத்தின் கால்தடம் போல மூன்று கோடுகள். அம்மப்பா வவுனியா விமான முகாமில் களஞ்சியத் தொழிலாளியாக இருந்த கதையைச் சொன்னேன். அதன் பிறகுதான் அவர்களுடைய முகம் இளகியது. பெட்டியை 2008 மார்கழியில், போரால் இடம்பெயர்ந்து உழவு இயந்திரத்தில் ஏறுவதற்கு முதல் நாள் இரவு, நானும் அம்மாவும் சேர்ந்து புதைத்தோம். திரும்பி வந்து தோண்டி எடுப்போம் என்று அம்மா நம்பினார். எடுத்துத் தந்தவர் அந்தப் பெண்பிள்ளை. அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து பழைய படைப்பொருள்களைப் பார்ப்பதும் படிப்பதும் சேர்ப்பதும் என் வாழ்க்கையில் ஒரு பகுதியாகிவிட்டன. எனக்குத் தெரிந்ததை, பிழைத்துப் பிழைத்துக் கற்றதை, இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில், குறிப்பாக இடப்பெயர்வுக்கு அகப்படாமல் தப்பிய வவுனியா, மன்னார்ப் பக்கத்து வீடுகளில், பரண்களில் இன்னும் இப்படிப்பட்ட பொருள்கள் கிடக்கின்றன. அவற்றைக் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்காரரிடம் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கின. அந்தப் போர்க்காலத்தில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படை ஒரு தளம் வைத்திருந்தது. பியூஃபோர்ட், பியூஃபைட்டர் விமானங்கள் அங்கிருந்து கடலுக்கு மேலே பறந்தன. அம்மப்பா பெட்டிகளைச் சுமக்கும் ஆளாகச் சேர்ந்து, எழுத்தறிவு இருந்ததால் பெட்டிகளின் எண்ணை வாசித்துத் தட்டில் அடுக்கும் ஆளாக உயர்ந்தார். சிறுவயதில் எங்களைத் தொட்டிலில் ஆட்டும்போதுகூட "22சி என்றால் உடுப்பு, 6ஏ என்றால் மீட்டர்" என்று சொல்வாராம். வெறும் முதுமைப் பிதற்றல் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். விமானப்படைக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. இலக்கத்தின் முன்பகுதி அது எந்த வகை என்பதைச் சொல்லிவிடும். 22சி பறப்போரின் உடை, 6ஏ விமானக் கருவிகள். அம்மப்பா சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அதைக் கண்டுபிடித்த அன்று, 1987இல் இறந்துபோன மனிதருடன் மறுபடி பேசியது போல இருந்தது.

ஆகவே ஒரு பொருள் கையில் கிடைத்தால் முதலில் எழுத்தையும் எண்ணையும் தேட வேண்டும். அந்தக் காகக்கால் குறி பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கான அம்பு அடையாளம். அம்பு தனியே நிற்கிறதா, வேறு எழுத்துக்குள் நிற்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். சி என்ற ஆங்கில எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் அவுஸ்திரேலியா. யு எழுத்துக்குள் இருந்தால் தென்னாபிரிக்கா. கிரீடத்தின் கீழே ஏ, எம் என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது விமான அமைச்சின் பொருள்; வவுனியாப் பக்கம் கிடைப்பவற்றில் நான் ஆவலோடு தேடுவது அதைத்தான். துணிப்பட்டிகளில் குறி உட்பக்கத்தில் இருக்கும். காலை வெயிலில் துணியைச் சாய்த்துப் பிடித்தால், நேரே பார்த்துத் தெரியாத மை சாய்வில் தெரியும். நனைத்துப் பார்க்கக் கூடாது. நான் ஒருமுறை நனைத்தேன். அந்த மை என் விரலோடு வந்துவிட்டது.

என் பெரிய பிழை இரும்புத் தொப்பியில் நடந்தது. வெளியே எடுத்தபோது அது பச்சையும் மண்ணிறமும் கலந்து, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தது. துருவென்று நினைத்தேன். கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, கடையில் வாங்கிய மினுங்கும் பச்சைப் பெயின்ற் அடித்து, வீட்டு முன்கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். 2012இல் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நாற்பது ஆண்டுகளாகச் சேர்ப்பவர். தொப்பியைக் கையில் எடுத்துப் பெருவிரலால் ஒரு தடவை தடவினார். ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, "தம்பி, இதன் தோலை உரித்துவிட்டீர்கள்" என்றார்.

அந்தச் சொரசொரப்பு துரு அல்ல. வெயிலில் மினுங்கி எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பெயின்றுக்குள் மணலோ மரத்தூளோ கலந்து அடிப்பார்கள். 1943இல் அடித்த பெயின்றை 2011இல் நான் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். உள்ளே தலையணைப்பு இருந்ததால்தான் அதற்குக் கொஞ்சமாவது மதிப்பு மிஞ்சியது. உச்சியில் ஒரே ஓர் ஆணியால் பூட்டியிருக்கும் அந்த உள்பகுதியில் செய்தவரின் பெயரெழுத்தும் ஆண்டும் குத்தியிருக்கும். ஓட்டின் விளிம்பின் உட்புறத்திலும் எழுத்து இருக்கும். ஓட்டின் ஆண்டும் உள்பகுதியின் ஆண்டும் ஒத்துவந்தால் நல்லது. விளிம்பில் துளையிட்டிருந்தால் சன்னம் பட்டது என்று கதை கட்டி விலை ஏற்றுவார்கள். அது பெரும்பாலும் இரும்பின் தரம் குறைவு, பொதுமக்கள் காவற்பணிக்கு மட்டும் உரியது என்பதற்கான அடையாளத் துளை.

அந்தப் பெரியவரை நான் ஐயா என்றுதான் அழைப்பேன். அவர் போகும் முன் எனக்கு ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தார். பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. அதைத் தொப்பியின் ஓட்டில் வைக்கச் சொன்னார். வைத்தேன், ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. எனக்குத் திகைப்பு. இரும்புத் தொப்பியில் காந்தம் ஒட்டாதா? பிரித்தானியப் படைக்கான அந்தத் தட்டைத் தொப்பிகளை மங்கனீசு கலந்த உருக்கில் செய்தார்கள். பன்னிரண்டு வீதமளவு மங்கனீசு சேர்ந்த அந்த உருக்கைக் காந்தம் ஏறக்குறையப் பொருட்படுத்தாது. சாதாரண இரும்பில் அடித்த நகலிலும் காவற்பணித் தொப்பியிலும் காந்தம் பட்டென்று பிடித்துக்கொள்ளும். கடைக்காரரிடம் தர்க்கம் பண்ணத் தேவையில்லை, சட்டைப்பைக்குள் ஒரு காந்தம் போதும். ஆனால் ஒரு கண்டிப்பு: வீட்டுக்குள் இருக்கும், இன்னதென்று தெரிந்த பொருளில் மட்டுமே காந்தத்தை வையுங்கள். மண்ணுக்குள் இருந்து வந்த எதன் அருகிலும் கொண்டுபோக வேண்டாம்.

சுத்தம் செய்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம். பித்தளையைக் கண்டால் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவது நம் கை வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. பொத்தானுக்கும் தொப்பிச் சின்னத்துக்கும் அது கொலை. விளக்க விளக்க மேலே நிற்கும் எழுத்தும் முகமும் தேய்ந்துவிடும். எழுபது ஆண்டு ஏறிய நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். அது தோலைக் கறுக்க வைக்கும், நாறும், பூஞ்சணத்தை அழைக்கும். நான் பூசிய உறையின் தையல் இரண்டு மாரிக்குள் இற்றுவிட்டது. புதைக்கும்போது நாங்கள் பெட்டியைத் தறப்பாளில் சுற்றினோம். அதற்குள் வியர்த்து, தண்ணீர்ப் போத்தலின் கம்பளி உறை முழுவதும் பூஞ்சணம் பிடித்திருந்தது. நீல எனாமல் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தது. துணியையும் கம்பளியையும் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டக் கூடாது. தோய்த்து உலர்ந்த பழைய பருத்தி வேட்டியில் தளர்வாகச் சுற்றி, நிலத்தில் படாமல், கறையான் ஏறாத உயரத்தில் வைத்தால் போதும்.

பெட்டிக்குள் அடங்காத ஒரு பொருளும் இருந்தது. இருபது லீற்றர் எரிபொருட்கான். ஜேர்மானியர் வடிவமைத்ததைப் பார்த்துப் பிரித்தானியர் செய்தது. மேலே மூன்று கைப்பிடிகள், பக்கத்தில் அம்புக்குறியும் 1944 என்ற எண்ணும் புடைத்து நிற்கும். கைப்பிடி ஏன் மூன்று? ஒருவர் தூக்கினால் நடுவிலுள்ளதைப் பிடிப்பார். இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கொன்று ஓரத்தில். வெறுங்கான் என்றால் இரண்டு கான்களை ஒரே கையால் சேர்த்துப் பிடிக்கலாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் அதில்தான் இருந்தது. அதிலிருந்து அளந்து அளந்து ஜாம் போத்தல் விளக்குக்கு ஊற்றித்தான் நான் உயர்தரம் படித்தேன். 2009இல் அதைக் கழுவித் தண்ணீர்க் கானாக்கி மாத்தளன் வரை கொண்டு போனோம். அங்கே விட்டுவிட்டு வந்தோம். சந்தையில் அந்தக் கானுக்குப் பெரிய விலை கிடையாது, கோடிக்கணக்கில் செய்தார்கள். ஆனால் யாராவது ஒரு கானைக் கொண்டுவந்து விற்றால் நான் இன்றைக்கும் முதலில் பக்கவாட்டைத் திருப்பி, எங்கள் கானில் இருந்த நெளிவு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

பதக்கங்களுக்கு வருகிறேன். புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று பதக்கங்களோடு என்னிடம் வந்தார். அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரில் கடற்படைத் தொண்டர் பிரிவில் இருந்தவர். ஆறு முனை கொண்ட மஞ்சள் உலோக நட்சத்திரங்கள் இரண்டு: ஒன்று 1939-45 நட்சத்திரம், மற்றது பர்மா நட்சத்திரம். மூன்றாவது வட்டமான போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் இரட்டைத்தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். 2009இல் மூன்றையும் இடுப்புச் சேலைக்குள் தைத்துக்கொண்டு கரை கடந்திருக்கிறார். "எவ்வளவு பெறும், தம்பி?" என்று கேட்டார். பேரப்பிள்ளையின் படிப்புச் செலவு நெருக்கியிருந்தது.

பதக்கத்தின் விளிம்பைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. எதிர்பார்த்ததுதான். அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் இந்தப் போருக்கான பதக்கங்களில் வீரரின் பெயரைப் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியா பெயர் பொறிக்காமலே கொடுத்தது. போர்ப் பதக்கம் பெற இருபத்தெட்டு நாள் சேவை போதும், இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. ஆகவே வெறும் பதக்கத்துக்கு உலகச் சந்தையில் விலை குறைவு. அப்படியானால் பெயர் எங்கே இருக்கும்? அவை தபாலில் வந்த சின்ன மட்டைப் பெட்டியின் மேல் முகவரியாக இருக்கும். உள்ளே எந்தெந்தப் பதக்கங்கள் என்று அச்சடித்த ஒரு துண்டும் இருக்கும். அந்தப் பெட்டி எங்கே என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"அதில் அம்மா ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தார். இரணைப்பாலையில் பையோடு விட்டுவிட்டோம்."

அச்சுத் துண்டு மட்டும், அவர் கையோடு கொண்டுவந்த தேவாரப் புத்தகத்துக்குள் மடித்து இருந்தது. அதில் பெயர் இல்லை. நாங்கள் இருவரும் ஒரு பகல் முழுவதும் இருந்து, தந்தையின் பெயர், பிறந்த ஊர், எந்த ஆண்டில் சேர்ந்தார், எந்தத் துறைமுகத்தில் இருந்தார், பதக்கம் எந்த வழியாக யாருடைய கைக்கு வந்தது என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினோம். பிறப்புச் சான்றிதழின் பிரதியை ஒட்டினோம். கீழே அவர் கையெழுத்துப் போட்டுத் திகதி இட்டார். பதக்கங்களை அவர் கையில் ஏந்தியிருக்கும் படம் ஒன்றும் எடுத்தேன். அதன் பிறகு அவர் விற்க விரும்பவில்லை. படிப்புச் செலவுக்கு ஊரார் சிலர் சேர்ந்து வேறு வழி பார்த்தோம். அன்று தொடங்கிய அந்தக் கொப்பிதான் என்னிடம் இருப்பவற்றுள் நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பொருள். ஒவ்வொரு பொருளும் யாரிடமிருந்து, எந்த இடத்தில், எந்த நாளில், என்ன கதையோடு வந்தது என்று எழுதியிருக்கிறேன். இடப்பெயர்வு நம்மிடமிருந்து முதலில் பறித்தது காகிதத்தை. காணி உறுதி, சான்றிதழ், கடிதம், படம். காகிதம் போனபின் ஒரு பொருளுக்குச் சாட்சி சொல்ல வாய் மட்டுமே மிஞ்சுகிறது. அந்த வாய்களுக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது.

பதக்கத்தின் நாடா புதிதா பழையதா என்று பார்க்க, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். இருட்டறையில் அதை அடித்தால், பிற்காலத்துச் செயற்கை நூலும் வெண்மையூட்டிய நூலும் நீலமாக ஒளிரும். நாற்பதுகளின் பருத்தி மங்கிக் கிடக்கும். இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. பழைய துணியைத் தற்காலச் சலவைத்தூளில் தோய்த்திருந்தால் அதுவும் ஒளிரும். நான் உண்மையான பட்டி ஒன்றைப் போலி என்று திருப்பி அனுப்பியது இப்படித்தான். சந்தேகம் தீராவிட்டால், தளர்ந்து தொங்கும் ஒரு நூலிழையை மட்டும் எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். நைலோன் உருகிக் கெட்டியான மணியாகும்.

சின்னங்களிலும் பொத்தான்களிலும் ஆண்டைக் கண்டுபிடிக்கக் கிரீடத்தைப் பார்க்க வேண்டும். 1901 முதல் 1952 வரை அரசர் காலத்துக் கிரீடத்தின் வளைவு மேலே உருண்டு நிற்கும். எலிசபெத் அரசியின் காலத்தில் அந்த வளைவு நடுவில் பள்ளமாக இறங்கும். இலங்கைப் படை 1949 ஒக்ரோபரில் தொடங்கியது. நாடு 1972 மே 22இல் குடியரசானது. ஆகவே இலங்கைச் சின்னத்தில் உருண்ட கிரீடம் என்றால் மிகக் குறுகிய காலம், அல்லது அதற்கு முந்திய தொண்டர் படை. பள்ளமான கிரீடம் என்றால் 1972க்கு முந்தியது. சிலோன் என்ற பெயர் பொறித்த பொருள்கள் எண்ணிக்கையில் குறைவு. பிரித்தானியச் சின்னம் பத்து கிடைக்கும் இடத்தில் சிலோன் சின்னம் ஒன்று கிடைப்பதே அரிது. அதனால்தான் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு அலைகிறார்கள், அதனால்தான் நகலும் வருகிறது. நகலைப் பின்பக்கம் காட்டிக்கொடுக்கும். அச்சில் அழுத்தி அடித்த சின்னத்தின் பின்புறத்தில் முன்புறத்தின் உருவம் குழிந்து தெரியும். வார்த்த நகலின் பின்புறம் தட்டையாக, சிறு சிறு குமிழ்ப் புள்ளிகளோடு, கனமாக இருக்கும்.

திசைகாட்டி என்றால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறும். 2013இல் கொழும்பில் ஒரு கடையில் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து, 1943ஆம் ஆண்டு என்று பொறித்த பட்டகத் திசைகாட்டி ஒன்றை வாங்கினேன். பளபளக்கும் பித்தளை, அழகான மரப்பெட்டி. ஐயா பார்த்த உடனே மரப்பெட்டியை ஓரமாகத் தள்ளினார். போர்க்களத்துத் திசைகாட்டியை மரப்பெட்டியில் வைத்து யார் கொடுத்தார்கள்? அது துணிப்பட்டி உறையில் இடுப்பில் தொங்கும். உண்மையானது கறுப்புப் பெயின்ற் அடித்தது. விளிம்புகளில் மட்டும் கை பட்டுப் பித்தளை எட்டிப் பார்க்கும். மூன்றாம் வகை (Mk III) திசைகாட்டியின் உள்ளே திரவம் நிறைந்திருக்கும், அதனால் முகப்பு ஆடாமல் மெதுவாகத் திரும்பி நிற்கும். என்னுடையது கோழிக்குஞ்சு போலத் துள்ளியது. அன்றிலிருந்து அலங்காரம் கூடிய பொருளை நான் நம்புவதில்லை. கூடவே ஒரு பாதுகாப்புச் செய்தி: உண்மையான பழைய திசைகாட்டிகளிலும் விமான மீட்டர்களிலும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளிரும் பூச்சுத்தான் களைத்துவிட்டது. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டு வேண்டும். கண்ணாடியைத் திறக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, படுக்கையறையிலும் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் மூடிய அலுமாரியில் வையுங்கள்.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பவர் கேட்கும் விலை விலை அல்ல. விற்று முடிந்த விலையே விலை. ஏலங்களில் முடிந்த தொகையைப் பாருங்கள், அதில் ஏல நிறுவனத்தின் பங்கையும் தபாற்செலவையும் கழியுங்கள். கையில் வருவது பெரும்பாலும் நினைத்ததில் பாதிக்கும் குறைவு. முழுமையாக இருக்கும் தொகுதியைப் பிரித்து விற்காதீர்கள். படைவீரரின் உணவுத் தகரம் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி செய்தவை. ஒன்றை விற்றால் மற்றது அநாதை. வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் தொல்பொருள் திணைக்களத்திடம் கேளுங்கள். 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி சில பொருள்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு அனுப்ப முடியாது.

இனி நான் சொல்லப் போவது வன்னியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. மேலே எழுதியவை அத்தனையும் எண்பது ஆண்டுக்கு முந்திய போரின் பொருள்கள். நம் மண்ணில் கிடப்பவை வேறு. காணிக்குள், குளக்கட்டில், காட்டு ஓரத்தில் எந்த உலோகம் தெரிந்தாலும் அது சேகரிப்புப் பொருள் அல்ல. தொடாதீர்கள், உதைக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து, இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளம் வைத்து, 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். ஹலோ டிரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் போன்ற மிதிவெடி அகற்றும் அமைப்புகள் ஆண்டுக்கணக்காக இந்த மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவி வருகின்றன. அவர்களுடைய வேலை அது. பழைய இரும்புக்காகக் கிண்டப் போய்க் கையிழந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் எடுத்தது விற்றிருந்தால் ஒரு நேரத் தேநீர்ச் செலவுக்குக் கூடப் போதாது. தோட்டா, குண்டின் பகுதி, சீருடை, தடைசெய்யப்பட்ட சின்னம் எதுவும் என் வீட்டில் இல்லை. எவ்வளவு பணம் தந்தாலும் வாங்குவதும் இல்லை. சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வேண்டும்.

ஐயாவிடம் இரண்டு சிறிய நார்த்தகடுகள் இருக்கின்றன. பிரித்தானியப் படைவீரர் கழுத்தில் அணிந்த அடையாளத் தகடுகள். ஒன்று பச்சை, எண்கோணம். மற்றது சிவப்பு, வட்டம். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே இலக்கம், ஒரே சமயம். வீரர் இறந்தால் சிவப்பைக் கழற்றிச் செய்தி அனுப்புவார்கள். பச்சை உடலோடே போகும். புதைத்த இடத்தைப் பிறகு தோண்டினாலும் அவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அதை என் உள்ளங்கையில் வைத்தபோது, காசு எவ்வளவு என்று கேட்க என் வாய் வரவில்லை.

2023 ஜூன் 29ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. எலும்புகளோடு உடைத்துணிகளும், இயக்கத்தில் இருந்தவர்கள் அணிந்த இலக்கத் தகடுகளும் வந்தன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 முதல் தெருவோரம் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு ஒரு தகடு என்பது என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு ஒரு பையன் என் வீட்டுக்கு வந்தான். கிணறு ஆழப்படுத்தும் வேலையில் இருப்பவன். சாரத்தின் மடிப்பிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மேசையில் வைத்தான். கறுப்புக் கயிற்றின் துண்டு இன்னும் அதில் இருந்தது. "அண்ணா, பழைய சாமான் வாங்குவீர்களாமே, இது எவ்வளவு போகும்?" என்று கேட்டான். அவனில் பிழையில்லை. பத்தொன்பது வயது. அவன் கேட்டது நானும் ஒரு காலத்தில் கேட்ட கேள்விதான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அது என்ன என்பதைச் சொன்னேன். அவனுக்குக் கை நடுங்கியது. எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்தப் பக்கச் சுவர், மண்ணின் நிறம் என்ன, வேறு ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுக் கொப்பியில் எழுதினேன். தகட்டில் இருந்த இலக்கத்தையும் எழுதினேன். தகட்டை மேலும் தொடாமல் ஒரு வெள்ளைத் துணியில் மடித்தோம். அன்று பின்னேரமே கிராம அலுவலரிடம் போய், அவரோடு பொலிஸுக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்தோம். கிணற்று வேலை நின்றது. அதற்குப் பிறகு அது நீதிமன்றத்தின் விடயமாகிவிட்டது.

ஊருக்குள் செய்தி பரவ மூன்று நாள் எடுத்தது. நான்காம் நாள் காலையில், பஸ்ஸில் இரண்டு மணிநேரம் பயணம் செய்து ஓர் அம்மா படலையில் வந்து நின்றார். தகட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. "இலக்கம் எழுதி வைத்திருக்கிறீர்களாம், தம்பி" என்றார். பணப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடதாசியை எடுத்து, மடியில் விரித்து வைத்துக்கொண்டார். நான் கொப்பியைத் திறந்து ஒவ்வோர் எண்ணாக வாசித்தேன். அவருடைய விரல் கடதாசியில் ஒவ்வோர் எண்ணாக நகர்ந்தது. மூன்றாவது எண்ணில் நின்றது.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னும் ஒருக்கால் வாசியுங்கள்" என்றார்.

வாசித்தேன்.